தொன்தோராவின் பிறவிக்குணம்

தங்கையின் தவளையை நான் அறைந்தது தவறுதலாகத்தான்.

தகமாட்சு துறைமுகத்தில், ஷோதோ தீவுக்குப் போகும் கப்பலுக்குச் சீட்டுக் கொடுக்கிற வேலை எனக்கு. மதியக் கப்பலை அனுப்பிவிட்டால் அடுத்ததுவரை முக்கால் மணி நேரம் ஓய்வு. அன்றைக்கு ஒரு கையில் சோற்று உருண்டை, மறு கையில் விளையாட்டுக் கருவி, காதில் மினோரியின் குரல். மினோரி என் தங்கை. மருகமேயில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். அவளுக்கும் அந்த நேரம்தான் சாப்பாட்டு வேளை என்பதால், தினமும் இணையம் வழியாக நாங்கள் இருவரும் ஜோடி சேர்ந்து முகுரி ஆடுவோம். எனக்கு நாற்பத்து மூன்று வயது, அவளுக்கு முப்பத்தாறு. இதைக் கேட்டு யாராவது சிரித்தால் நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்வோம்.

சோற்று உருண்டைக்குள் இருந்த ஊறுகாய்ப் பழத்தின் கொட்டை பல்லில் பட்டது. கட்டைவிரல் வழுக்கியது. எதிரியைத் தட்ட வேண்டிய என் தொன்தோரா திரும்பி, பக்கத்தில் நின்ற மினோரியின் தவளையைத் தட்டிவிட்டது.

"அக்கா, என் மேல கோவம்னா வாயால சொல்லு. எதுக்குத் தவளைய அடிக்கிற?" என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். அதற்கடுத்த சுற்றில் நடந்ததுதான் எங்கள் இருவர் வாயையும் அடைத்தது. அது புரிய வேண்டுமென்றால் தொன்தோராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முகுரி என்பவை அந்த விளையாட்டில் வருகிற பிராணிகள். பிடித்து வளர்த்து, மற்றவர்களுடைய முகுரிகளோடு சண்டைக்கு விட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு வித்தைகள் நாமே கற்றுக்கொடுக்கலாம். அதுபோக ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறவிக்குணம் உண்டு. வித்தை, நாம் ஏவினால்தான் நடக்கும். பிறவிக்குணத்தை யாரும் ஏவ வேண்டாம். வேண்டாம் என்றாலும் அது கேட்காது. தானாக நடந்துவிடும். கோயில் வாசல் சிங்கநாய் மாதிரி ஒரு முகுரி இருக்கிறது. அது களத்தில் கால் வைத்த உடனேயே எதிரில் நிற்பவற்றுக்குக் கை நடுங்கி, அடியின் பலம் குறைந்துவிடும். காகித விளக்கு மாதிரி ஒன்று எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். மண்ணைப் புரட்டி அடிக்கிற அடி எதுவும் அதன்மேல் படாது.

தொன்தோரா, புலிக்கும் பன்றிக்கும் நடுவில் ஏதோ ஒன்று. குன்று மாதிரி உடம்பு. மொத்த விளையாட்டிலும் அதைவிட உயிர் அதிகமுள்ளது கிடையாது, அதைவிடப் பலமாக அடிப்பதும் கிடையாது. ஆனால் அதன் பிறவிக்குணம் சோம்பல். ஒரு சுற்று அடிக்கும். அடுத்த சுற்று படுத்துக்கொண்டு வயிற்றைச் சொறியும். நாம் என்ன ஏவினாலும் சொறிவது நிற்காது. அதனால் அதை யாரும் சண்டைக்குக் கொண்டுபோவதில்லை. எனக்கு அந்த வயிறு பிடித்திருந்தது, வளர்த்தேன். உனக்கேத்த துணை என்று மினோரி கேலி செய்வாள்.

அன்றைக்குத் தவளையைத் தட்டிய சுற்று முடிந்தது. அடுத்த சுற்றில் முறைப்படி தொன்தோரா படுக்க வேண்டும். படுக்கவில்லை. எழுந்து நின்று எதிரியை ஒரே அடியில் சாய்த்தது. அதற்கடுத்த சுற்றிலும் அடித்தது. அதற்கடுத்ததிலும்.

"அக்கா," என்றாள் மினோரி மெதுவாக. "அது ஏன் படுக்கல?"

தவளையின் குணம்தான் காரணம். மினோரியின் அந்தப் பச்சைத் தவளைக்கு ஒட்டுவாரொட்டி என்று ஒரு பிறவிக்குணம். அதை யார் தொட்டாலும் தொட்டவர்களின் சொந்தக் குணம் போய், தவளையின் குணம் ஒட்டிக்கொள்ளும். எதிரியின் நல்ல குணத்தைக் கெடுப்பதற்காகத்தான் எல்லோரும் அந்தத் தவளையை வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் யாருக்கும் தன் பக்கத்துத் தவளையைத் தானே தட்டத் தோன்றியதில்லை. எதற்குத் தோன்ற வேண்டும்? நான் தட்டியதும் தொன்தோராவின் சோம்பல் போய்விட்டது. மிச்சம் இருந்தது குன்று மாதிரி உடம்பும் அந்த அடியும் மட்டும்தான்.

ஒலிபெருக்கியில் அடுத்த கப்பலின் அறிவிப்பு வந்தது. ஓடிப்போய் உட்கார்ந்தேன். முதலில் வந்த பெரியவர் சீட்டை வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"என்னம்மா, கல்யாணம் நிச்சயமாயிடுச்சா?" என்றார்.

இல்லை ஐயா, அதைவிட நல்ல விஷயம் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி மருகமே போனேன். மினோரியின் சின்ன வீட்டில், சாப்பாட்டு மேசையில் இரண்டு கருவிகளையும் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை என் தொன்தோரா அவள் தவளையைத் தட்டிக்கொண்டே இருந்தது. இருக்கிறதிலேயே மெல்லிய வித்தையான தட்டுதான் சரி. மற்றது எதை ஏவினாலும் தவளை செத்துவிடுகிறது. தவளை ஏற்கெனவே நாலு அடி வாங்கியிருந்தால் தட்டினாலும் செத்துவிடுகிறது. ஆகவே முதல் சுற்றிலேயே வேலையை முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தவளை என்ன ஆனாலும் தொன்தோராவின் சுறுசுறுப்பு போகாது. நாற்பது தடவை பார்த்தோம், நாற்பது தடவையும் அப்படியே நடந்தது. ஒவ்வொரு தடவையும் அது படுக்காமல் எழுந்து நிற்கும்போது எங்களுக்குப் புதிதாகச் சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அதற்கும் சிரித்தோம்.

மே மாத விடுமுறையில் தகமாட்சுக் கடைவீதியில் ஜோடிப் போட்டி வைத்தார்கள். கண்ணாடிக் கூரைக்குக் கீழே பெரிய திரை கட்டி, எதிரெதிராக இரண்டு மேசை போட்டிருந்தார்கள். மறுபாதி ஜோடிகளுக்கு வீதியின் மறுகோடியிலும் அப்படியே. முப்பத்திரண்டு ஜோடி. பரிசு, வெற்றி பெற்ற ஜோடிக்கு ஒரு வருஷத்துக்கு உதோன் நூடுல்ஸ். எழுதுபொருள் கடை தொகூரா மைக்கைப் பிடித்து ஆட்டத்தை வர்ணித்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று முகுரி. இரண்டு களத்தில் நிற்கும், ஒன்று வெளியே காத்திருக்கும். ஒன்று விழுந்தால் காத்திருப்பது அந்த இடத்துக்கு வந்தே ஆக வேண்டும். நாங்கள் கொண்டுபோனது தொன்தோரா, தவளை, ஒரு கனமான நத்தை.

முதல் ஆட்டத்தில் எங்களுக்கு எதிரே இரண்டு பேருந்து ஓட்டுநர்கள், சீருடையிலேயே வந்திருந்தார்கள். திரையில் தொன்தோரா வந்ததும் கூட்டம் சிரித்தது. ஓட்டுநர்களில் ஒருவர், பாயும் தலகாணியும் கொண்டு வந்தீங்களா என்று கேட்டார். மினோரி அவரைப் பார்த்து ரொம்பப் பணிவாகத் தலை குனிந்தாள். நான் தவளையைத் தட்டினேன்.

அக்காவும் தங்கையும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்று தொகூரா ஒலிபெருக்கியில் வருத்தப்பட்டார். அடுத்த சுற்றில் தொன்தோரா எழுந்து நின்றது. அதற்கடுத்த சுற்றில் ஓட்டுநர்களிடம் ஒன்றுதான் மிச்சம். அதற்கும் அடுத்த சுற்றில் ஒன்றும் இல்லை. ஓட்டுநர் தன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது படுக்காதா?" என்றார்.

"இன்னைக்கு லீவு எடுக்கல," என்றாள் மினோரி.

இரண்டாவது ஆட்டத்தில் கூட்டம் கொஞ்சம் அமைதியாகப் பார்த்தது. மூன்றாவதில் நான் விரலை வைப்பதற்கு முன்பே ஜனங்கள் தட்டு, தட்டு என்று கைதட்டித் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள். அரையிறுதி முடிந்தபோது தேநீர்க் கடையில் வேலை செய்கிற பெண்கள் வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்து, கருவி மீன் மாதிரி வழுக்கியது. மினோரி தன் பாவாடையில் அதைத் துடைத்துக் கொடுத்தாள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. எங்கள் முதல் ஆட்டத்திலிருந்தே நடுநடுவே வந்து ஓரத்தில் நின்று சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்துப் புத்தர் கோயில் குருக்களின் மனைவி, சுமிரே அக்கா. இறுதி ஆட்டத்துக்குத் தொகூரா பெயர் படித்தபோது எதிர் மேசையில் வந்து உட்கார்ந்தவர்கள் அவரும் குருக்களும்.

எங்கள் அப்பா இறந்ததிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் நினைவு நாளில் மந்திரம் சொல்வது அந்தக் குருக்கள்தான். அவரை நாங்கள் சாமி என்றுதான் கூப்பிடுவோம். சாதாரணச் சட்டையில், மொட்டைத் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வணங்கினோம்.

"சாமி, நீங்களுமா?" என்றேன்.

"நான் சும்மா பொத்தான அழுத்துறேன் ஷிஹோம்மா. எல்லாம் இவதான்," என்று மனைவியைக் காட்டினார்.

சுமிரே அக்கா இனிமையாகச் சிரித்தார். "தவளை ரொம்ப அழகா இருக்குடி மினோரி. பாத்துக்கோ," என்றார்.

மினோரி என் காதில், நாம செத்தோம் என்றாள்.

உண்மைதான். அவர்கள் முதலில் இறக்கியது சிங்கநாயும் காகித விளக்கும். சிங்கநாய் வந்து நின்றதுமே தொன்தோராவின் கை நடுங்கி, அடியின் பலம் பாதியானது. ஆட்டம் தொடங்கியது. என் தொன்தோரா எப்போதுமே மெதுவாகத்தான் அசையும். அது கையைத் தூக்குவதற்குள் மற்றவர்கள் எல்லோரும் ஒரு தடவை அடித்துவிடலாம். சிங்கநாய் தவளையைத் தொடவில்லை, தூரத்திலிருந்தே உறுமியது. தவளை பாதி உயிரானது. விளக்கும் தொடவில்லை, நெருப்பை ஊதியது. தவளை மல்லாந்தது. அதற்குப் பிறகுதான் தொன்தோரா பாசமாகக் கையை நீட்டி, காலியான இடத்தைத் தட்டியது. கூட்டம் ஐயோ என்றது.

காலி இடத்தைத் தட்டினாலும் ஒரு சுற்று அடித்த கணக்குதானே. ஆகவே அடுத்த சுற்றில் தொன்தோரா தன் சொந்தக் குணத்தோடு சுகமாகப் படுத்தது. தவளையின் இடத்துக்கு மினோரி நத்தையை இறக்கி ஓட்டுக்குள் ஒளித்தாள். படுத்திருந்த தொன்தோராவைச் சிங்கநாயும் விளக்கும் சேர்ந்து அடித்தன. உயிர்க்கோடு பாதியாக இறங்கியது. அது வயிற்றைச் சொறிந்தது.

மூன்றாவது சுற்றில் எழுந்தது. பெரிய அடி எல்லாம் மண் அடிதான், மிதக்கிற விளக்கின்மேல் படாது. எனவே நேரெதிரே நின்ற சிங்கநாயை அடித்தேன். கல்லால் ஆன அது மண் அடியைத் தாங்காது. நடுங்கிய கையால் அடித்தும் நொறுங்கியது. அதே சுற்றில் நத்தை பீய்ச்சிய தண்ணீரில் விளக்கு அணையப்போய், கடைசிப் பொறியில் தப்பியது.

அப்போது சுமிரே அக்கா கையை வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

அவர்களுடைய மூன்றாவது முகுரி மனேசாரு என்கிற குரங்கு. அதன் உடம்பில் பலம் ஒன்றுமில்லை. அதன் பிறவிக்குணம் நகல்: களத்தில் இறங்கியதும் நேரெதிரே நிற்பது எதுவோ, அதன் குணத்தை எடுத்துக்கொள்ளும். நல்ல குணமுள்ள எதிரிக்கு முன்னால் அதை இறக்கினால் அதைப்போல ஆபத்தானது வேறில்லை. சுமிரே அக்கா விளக்குதான் முதலில் விழும், குரங்கு நத்தைக்கு எதிரே வந்து அதன் கெட்டி ஓட்டுக் குணத்தை எடுத்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தார். விழுந்தது சிங்கநாய். காத்திருப்பது வந்தே ஆக வேண்டும். குரங்கு குதித்துக்கொண்டு வந்து தொன்தோராவுக்கு நேரெதிரே நின்றது.

திரையில் எழுத்து வந்தது. மனேசாரு, தொன்தோராவின் பிறவிக்குணத்தை எடுத்துக்கொண்டது: சோம்பல்.

கடைவீதியே சிரித்ததில் கண்ணாடிக் கூரை அதிர்ந்தது. தொகூரா மைக்கைக் கீழே போட்டுவிட்டார். அது தரையில் உருண்டு அவருடைய சிரிப்பையே ஊருக்கு ஒலிபரப்பியது. குருக்கள் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. சுமிரே அக்கா அவர் முதுகில் ஒரு போடு போட்டார்.

"சிரிக்காதீங்க. ஆட்டம் இன்னும் முடியல," என்றார். அவருடைய உதடும் நடுங்கியது.

முடியவில்லைதான். அடுத்த சுற்றில் தொன்தோரா படுத்தது. அப்போதுதான் வந்த குரங்குக்கு அது அடிக்கிற முறை. விளக்கும் குரங்கும் சேர்ந்து நத்தையை முடித்துவிட்டன. இப்போது எங்களிடம் பாதி உயிரோடு தொன்தோரா மட்டும். அவர்களிடம் முழு உயிரோடு சோம்பேறிக் குரங்கும், ஒரு பொறி உயிரோடு விளக்கும். மினோரிக்கு ஏவ ஒன்றுமில்லை. நாற்காலியை இழுத்து என் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

இந்தச் சுற்றில் தொன்தோரா எழும், குரங்கு படுக்கும். படுத்திருக்கிற குரங்கை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது.

"அக்கா, வேணாம். குரங்கு எங்க போயிடப் போவுது? நீ அடிக்கிறப்பல்லாம் அது தூங்கும், அது அடிக்கிறப்பல்லாம் நீ தூங்குவ. தூங்காம அடிக்கிறது விளக்கு ஒண்ணுதான். முதல்ல அத அணை."

"மண் அடி படாதேடி."

"மண்ணு எதுக்கு? தட்டு. தட்டினாலே போதும்."

தட்டு மண் அடி இல்லை. எனக்கு அது மறந்தே போயிருந்தது. விளக்கு நெருப்பை ஊதியது, தொன்தோராவின் உயிர் இன்னும் இறங்கியது. தொன்தோரா கையை நீட்டி, தவளைக்கென்று வைத்திருந்த அந்தத் தட்டை விளக்கின் தலையில் வைத்தது. விளக்கு அணைந்தது. கூட்டம் மறுபடி தாளம் போட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இதுவரை எந்தப் போட்டியிலும் பார்த்ததில்லை. களத்தில் இரண்டே இரண்டு சோம்பேறிகள். குரங்கு எழுந்து பிறாண்டும், தொன்தோரா வயிற்றைச் சொறியும். தொன்தோரா எழுந்து அடிக்கும், குரங்கு மல்லாந்து படுத்துத் தன் வயிற்றைச் சொறியும். ஒன்று எழும்போது ஒன்று படுத்தது, மாடிப்படியில் ஒருவர் ஏறும்போது ஒருவர் இறங்குகிற மாதிரி. தேநீர்க் கடைப் பெண்களில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். பார்த்தவர்களுக்கெல்லாம் கொட்டாவி வந்தது. கடைசியில் யாரோ தாலாட்டுப் பாட, முந்நூறு பேர் சேர்ந்து பாடினார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து எந்தச் சுற்று யாருடையது என்றே குழம்பிவிட்டது. மினோரிதான் என் முழங்காலில் விரலால் தட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள்: இப்ப தூங்கு, இப்ப அடி.

நடுங்கிய கையால் அடித்த அடிகளுக்குப் பிறகு குரங்குக்குக் கால்வாசி உயிர் மிஞ்சியது. இனி ஓர் அடி போதும். ஆனால் அதற்கு நடுவில் தொன்தோரா ஒரு தடவை படுத்தாக வேண்டும், குரங்கு ஒரு தடவை பிறாண்டியாக வேண்டும். பாட்டு நின்றது. சுமிரே அக்கா கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். குரங்கு பாய்ந்தது. தொன்தோராவின் உயிர்க்கோடு சிவந்து, சுருங்கி, காணாமலே போனது மாதிரி இருந்தது. மினோரி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நான் என் கருவியின் திரையைக் குனிந்து பார்த்தேன். ஊசி முனை அளவுக்குச் சிவப்பு இருந்தது. தொன்தோரா வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது.

"மினோ, சொறியுது. உயிரோட இருக்கு," என்றேன்.

குரங்கு படுத்தது. தொன்தோரா எழுந்தது. அவ்வளவுதான்.

மினோரி என்னைக் கட்டிக்கொண்டதில் நாற்காலி சாய்ந்து, இருவரும் கடைவீதித் தரையில் கிடந்தோம். மேலே கண்ணாடிக் கூரையும், எங்களைச் சுற்றி எட்டிப் பார்க்கிற முகங்களும் தெரிந்தன. ஓட்டுநர் ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, பாய் வேணுமான்னு கேட்டது தப்புதான் என்றார்.

குருக்கள் மேசையைச் சுற்றி வந்து வணங்கினார். "உங்கப்பா இருந்திருந்தா என் பக்கம்தான் உக்காந்திருப்பார். தோக்குற பக்கத்தவிட்டு எழுந்திரிக்க மாட்டாரு அவரு," என்றார். அது முழுக்க உண்மை. மினோரி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

உதோன் பெட்டிகள் ஐம்பத்திரண்டும் ஒரு தள்ளுவண்டியில் வந்தன. அவற்றின் மேலேயே நான்கு பேரும் சாய்ந்து உட்கார்ந்தோம். சுமிரே அக்கா நோட்டை மூடவே இல்லை. முதன்முதலில் தவளையை எப்படி அறைந்தேன் என்று ஊறுகாய்க் கொட்டைவரை கேட்டு எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே வந்தவர் திடீரென்று பேனாவை நிறுத்தினார்.

"மினோரி, உங்கிட்டயும் மனேசாரு இருக்கா?"

இருந்தது. வளர்க்காமல் ஒரு மூலையில் கிடந்தது.

"ஒரு நகல் எதிர்ல இன்னொரு நகல் எறங்குனா என்ன ஆகும்?"

நாங்கள் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு கருவிகளை இணைத்தோம். இரண்டு குரங்குகளும் ஒரே நேரத்தில் இறங்கி, எதிரெதிரே நின்று ஒன்றையொன்று முறைத்தன. எழுத்து வந்தது. மனேசாரு, மனேசாருவின் பிறவிக்குணத்தை எடுத்துக்கொண்டது: நகல். உடனே அடுத்த வரி. மனேசாரு, மனேசாருவின் பிறவிக்குணத்தை எடுத்துக்கொண்டது: நகல். அதற்கடுத்தும் அதே வரி. பத்தாவது வரிக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டோம். குருக்கள் மந்திரம் சொல்கிற குரலில் அதை ராகமாகப் படிக்க ஆரம்பித்தார். சுமிரே அக்கா உதோன் பெட்டியின்மேல் குப்புறக் கவிழ்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிறுத்துங்க, நிறுத்துங்க என்று முனகினார். நிறுத்துகிற பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. எனக்கு அதை அழுத்த மனசு வரவில்லை.